இனிப்பு நீர்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு பற்றி நிறைய கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். மாத்திரை, இன்சுலின் அளவு பற்றி இங்கே சொல்வது பொதுவான விவரம்தான். உங்கள் அளவை மாற்ற வேண்டியவர் உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 54. பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறார். விடியற்காலை நாலரைக்கு வரக்கோப்பியோடு மெட்ஃபார்மின் ஒன்று, கிளிக்லசைட் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார். பசியாறுவது பத்து மணிக்குத்தான். எட்டரை, ஒன்பது மணிக்குக் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கண் இருட்டுகிறது என்கிறார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டையும் நிறுத்திவிட்டார். சரியா?

நிறுத்தியது சரியல்ல. ஆனால் அவர் சொல்லும் நடுக்கம் உண்மையானது, ஆபத்தானதும்கூட. அது மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் வருவதில்லை. மாத்திரை, சாப்பாடு, வேலை மூன்றின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருவது.

அவர் போடும் இரண்டு மாத்திரைகளும் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் இரத்தத்தில் கொட்டும் சீனியைக் குறைக்கிறது. அதை மட்டும் சாப்பிடுபவருக்குச் சீனி தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிக்லசைட் அப்படியல்ல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. நாலரைக்கு வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையின் வேகம் ஏறி நிற்பது எட்டு, ஒன்பது மணிக்கு. அந்நேரம் அவர் மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து, இருக்கிற சீனியையும் எரித்திருப்பார். இரத்தச் சீனி 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சீனி. அவருக்கு வருவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நடுக்கம் வரும்போது சீனி பார்க்கும் கருவியில் ஒரு தடவை குத்திப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

வேலைக்காட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது. உடம்பு சில்லென்று இருக்கும்போதே வேர்ப்பது, திடீர்ப் பசி, நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், கத்தி பட்டையில் அளவுக்கு மேல் ஆழமாக இறங்குவது ஆகியவை அடையாளங்கள். இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் பக்கத்து நிரையில் வெட்டுபவருக்கும் மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கும் இவர் இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது. உடனே உட்கார வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அது ஏறக்குறைய 15 கிராம். அல்லது சீனி போட்ட டின் பானம் 150 முதல் 200 மில்லி. சீனி இல்லாத பானம் உதவாது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். சூடான தே தாரிக்கும் வேண்டாம், ஆற்றிக் குடிப்பதற்குள் நேரம் போய்விடும். 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் தீரவில்லை அல்லது கருவியில் 4-க்குக் கீழே காட்டுகிறது என்றால் அதே அளவு மறுபடியும். தேறிய பிறகு நாலைந்து பிஸ்கட்டோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐ அழையுங்கள். கிளிக்லசைட்டின் வேகம் பல மணி நேரம் நிற்கும் என்பதால், கடுமையாக விழுந்து எழுந்தவரை அன்றே கிளினிக்கில் காட்டிவிட வேண்டும். அகார்போஸ் என்ற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சீனி சீக்கிரம் ஏறாது. அவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

இனி மூலக்காரணத்துக்கு வருவோம். காலையில் வெறும் கோப்பியோடு போகக்கூடாது. இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும், அல்லது முதல் நாள் இரவே சுட்டுவைத்த இரண்டு தோசை போதும். அதோடுதான் மாத்திரை. நாலரைக்குச் சாப்பாடு இறங்காது என்றால், கிளிக்லசைட்டைப் பையில் எடுத்துப்போய்ப் பசியாறும்போது போடலாமா, அல்லது அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். “எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறேன், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன்” என்பதை ஒரு தாளில் எழுதி நீட்டினால் போதும், டாக்டர் மாற்றித் தருவார். சொல்லாவிட்டால் எட்டு மணிக்குப் பசியாறும் ஆபீஸ்காரருக்கு எழுதுகிற அதே முறையைத்தான் உங்கள் வீட்டுக்காரருக்கும் எழுதுவார். அதுவரை மெட்ஃபார்மினையாவது சாப்பாட்டோடு தொடரச் சொல்லுங்கள், இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: கோயில் மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தார்கள். 8.9 என்று வந்தது. கைப்பேசியில் பார்த்த காணொளியிலோ 126-க்கு மேல் போனால்தான் வியாதி என்கிறார்கள். எனக்கு இருக்கிறதா, இல்லையா?

அந்தக் காணொளி இந்தியாவிலிருந்து வந்திருக்கும். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். அந்த 126 நமக்கு 7.0, அவர்களின் 200 நமக்கு 11.1. உங்கள் 8.9 அவர்கள் கணக்கில் 160.

விரல்நுனிச் சோதனையை வைத்து யாருக்கும் வியாதி என்று முடிவு கட்டக்கூடாது. அது சந்தேகத்தைக் கிளப்பும் சோதனை மட்டுமே. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்து 8.9 சாதாரணமாகவும் இருக்கலாம், எல்லைக்கோட்டிலும் இருக்கலாம். பிரசாதப் பஞ்சாமிர்தம் ஒட்டிய விரலைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறிவிடும். இரத்தநாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில், அதாவது குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் பார்த்தது 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் இனிப்பு நீர். 6.1 முதல் 6.9 வரை இனிப்பு நீருக்கு முன்நிலை. எந்த நேரத்திலும் பார்த்தது 11.1-ஐத் தொட்டாலும் இனிப்பு நீர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் மலேசிய வழிகாட்டி வைத்திருக்கும் எல்லை 6.3 விழுக்காடு, பல நாடுகளில் இது 6.5. தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு என்று அறிகுறி இருப்பவருக்கு ஒரு சோதனை போதும். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு நாள் மறுபடியும் பார்த்து உறுதிசெய்வார்கள்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை எச்பிஏ1சியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். தலசீமியா, அண்மையில் இரத்தம் ஏற்றியது, கர்ப்பம் ஆகியவற்றாலும் அந்த எண் தவறிப்போகும். இவற்றில் ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இனிப்பே பிடிக்காது. கோப்பிகூடக் கொசோங்தான், சீனி போடுவதில்லை. பால்மரக் காட்டில் வேலை செய்த என் தாத்தா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு 38 வயதில் எப்படி வந்தது?

சீனி தின்பதால் மட்டும் வரும் வியாதி அல்ல இது. நம்மிடம் 90 விழுக்காட்டுக்கு மேல் காணப்படுவது இரண்டாம் வகை. அதில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடக்கின்றன. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்புச் சேர்ந்து, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது. அதை ஈடுகட்டக் கணையம் அளவுக்கு மீறிச் சுரந்து சுரந்து மெல்லத் தளர்கிறது. சோறு, ரொட்டி சானாய், மீ எல்லாமே குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. நாக்குக்கு இனிக்காவிட்டாலும் இரத்தத்துக்கு அது சீனியே.

உங்கள் தாத்தா சோறு சாப்பிட்டார், அதை அன்றைக்கே வேலைக்காட்டில் எரித்தார். நீங்கள் தொழிற்சாலையிலோ லாரியிலோ 12 மணி நேரம் உட்கார்ந்திருப்பவராக இருந்தால் அதே சோறு வயிற்றில் தங்கும். கூடவே மரபு. தெற்காசிய உடல்வாகில், பார்க்க ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023-இல் நாட்டின் மொத்த விகிதம் 15.6-ஆகக் குறைந்தது, ஆனாலும் ஆறு பேரில் ஒருவர்.

வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்றுங்கள். ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பதைத் தொட்டாலே எச்சரிக்கை. பிள்ளைகளின் பின்கழுத்தையும் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத, வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு இருந்தால் அது பெரும்பாலும் அழுக்கல்ல, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாததன் அடையாளம். அந்தப் பிள்ளையைத் திட்டித் தேய்த்துக் குளிப்பாட்டாமல் சோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சந்தையில் ஒரு மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறேன். மூன்று வாரத்தில் மூட்டுவலியும் போய்விட்டது. மாத்திரையை விட்டுவிடலாமா?

கிட்னியைக் கெடுப்பது ஆண்டுக்கணக்கில் அடங்காமல் இருக்கும் சீனியும் இரத்த அழுத்தமும். இந்நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருபவர்களில் பெரும்பான்மையோர் இனிப்பு நீர் நோயாளிகள். கிட்னி தளர்ந்த பிறகு மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கும் என்பதால் டாக்டர்கள் அப்போது அதைக் குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 45-க்குக் கீழே போனால் அளவு குறையும், 30-க்குக் கீழே போனால் நிற்கும். கிட்னி கெட்டதால் மாத்திரை நிறுத்தப்படுவதைப் பார்த்தவர்கள், மாத்திரையால் கிட்னி கெட்டது என்று தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள். மெட்ஃபார்மினின் உண்மையான தொல்லைகள் வேறு: தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு, உப்புசம், பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 சத்துக் குறைவு. முதலாவதுக்குச் சாப்பாட்டின் நடுவில் போடுவதும் மெல்ல அளவு ஏற்றுவதும் தீர்வு. இரண்டாவதுக்கு இரத்தச் சோதனை இருக்கிறது.

உங்கள் பொடிதான் எங்களைக் கவலைப்படவைக்கிறது. மூட்டுவலி மூன்று வாரத்தில் மாயமாக மறைந்தது என்றால் அதில் ஸ்டெராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலப்படம் செய்த பொருள்கள் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டுள்ளன. ஸ்டெராய்டு வலியை அடக்கும், ஆனால் சீனியைக் கிடுகிடுவென ஏற்றும். சில பொடிகளில் சீனியைக் குறைக்கும் மாத்திரையையே அரைத்துப் போட்டிருப்பார்கள். அளவு தெரியாமல் அதைச் சாப்பிட்டுத் தாழ்சீனியில் மயங்கி விழுபவர்கள் உண்டு. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் முடிவில் டி என்ற எழுத்து இருக்கும். இல்லையென்றால் டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள். பல வாரம் சாப்பிட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் ஸ்டெராய்டு இருந்தால் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். பாகற்காயும் வெந்தயமும் சமையலில் தாராளமாகச் சேரட்டும், மாத்திரையின் இடத்தில் வேண்டாம்.

கேள்வி: சோற்றை விட்டுச் சப்பாத்தி, கேழ்வரகுக் கூழுக்கு மாறினால் போதுமா?

மாறுவதைவிட அளவு முக்கியம். அரைக் கோப்பைச் சோறு, ஒரு துண்டு ரொட்டி இரண்டிலும் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி தின்றால் ஒரு தட்டுச் சோற்றுக்குச் சமமாகிவிடும். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது சீக்கிரம் ஜீரணித்து வேகமாக ஏறுகிறது. அடையாகவோ ரொட்டியாகவோ சாப்பிடுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் தட்டுக் கணக்கு எளிது: கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு கிளாஸ் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 20 கிராம் சீனி உள்ளே போகிறது. நாளைக்கு மூன்று கிளாஸ் குடிப்பவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். தேனும் கருப்பட்டியும் விதிவிலக்கல்ல.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் ஊசி எழுதிவிட்டார்கள். கடைசிக் கட்டம் என்று அழுகிறார். எங்கள் வீடு தகரக் கூரை, பகலில் கொதிக்கும். எப்படி வைப்பது?

அம்மாவிடம் சொல்லுங்கள்: வியாதி தெரியவரும் நாளிலேயே கணையம் சுமார் பாதித் திறனை இழந்திருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மாத்திரையால் மட்டும் முடியாமல் போவது பலருக்கும் நடப்பதுதான். குறைந்துபோனதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவே.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்குள்ளோ, பின்சுவரில் ஒட்டியோ வைத்தால் உறைந்துவிடும். உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக்கூடாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா, பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை தாங்கும். தகரக் கூரை வீட்டில் பகலில் அது மீறும், அதனால் ஊசியைக் கழற்றிவிட்டு நிழலான மூலையில் ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில், தண்ணீர் புகாத டப்பாவுக்குள் வைக்கலாம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பால் போலக் கலங்கிய வகை என்றால் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் 10 தடவை உருட்டி, 10 தடவை மேலும் கீழும் சாய்க்க வேண்டும். கலக்காமல் போட்டால் ஒருநாள் அதிகமாகவும் மறுநாள் குறைவாகவும் போகும். தெளிந்த வகை கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு யூனிட்டை முதலில் காற்றில் தள்ளி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அளவைத் திருப்ப வேண்டும். குத்தி அழுத்திய பின் பத்து எண்ணி ஊசியை எடுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி வந்திருந்தாலும், வலிக்காது என்பதற்காகச் சிலர் அங்கேயே குத்துவார்கள். அந்தக் கட்டி இன்சுலினைச் சீராக விடாது. அங்கிருந்து புது இடத்துக்கு மாறும்போது திடீரென்று சீனி தாழலாம், அதனால் மாற்றுவதற்கு முன்பே தாதியிடம் சொல்லி அளவைக் கேளுங்கள். போட்ட ஊசிகளைக் கெட்டியான சோப்புத் திரவப் புட்டியில் போட்டு மூடி கிளினிக்கில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். இந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். விரதம் இருக்கலாமா? வெறுங்காலில் நடக்கலாமா?

நேர்த்தியை விடச் சொல்லவில்லை, முன்கூட்டித் தயாராகுங்கள் என்கிறோம். விரதம் தொடங்க மூன்று வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சைவம் மட்டும் என்றால் சிக்கல் குறைவு. ஒருவேளைச் சாப்பாடு என்றால் கிளிக்லசைட்டும் இன்சுலினும் எடுப்பவருக்கு அளவை மாற்றியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் பட்டினி கிடந்தால், சீனி அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

காலுக்கு இன்றே ஒரு சோதனை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒரு விநாடி, மென்மையாகத் தொடட்டும். அழுத்தக்கூடாது. ஆறு தொடலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உங்கள் பாதம் மரத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் வெயிலேறிய தார்ச்சாலையில் வெறுங்காலில் நடந்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. அவர்கள் விடியலுக்கு முன்பே, மிகக் குறுகிய தூரத்துக்குப் பால்குடத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி நன்றாக இருப்பவரும் அதிகாலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, இன்னொருவரை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். சுத்தமான துணி கட்டி மறுநாளுக்குள் கிளினிக்கில் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் பூச வேண்டாம். சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவமனை. செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதே விதிதான். மட்டை முள் ஒன்று பூட்ஸைத் துளைத்து உள்ளே நிற்பது மரத்த காலுக்குத் தெரியாது. போடும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இது முழுக்கக் குணமாகுமா?

குணம் என்று சொல்வதில்லை, ஆனால் மருந்தில்லாமல் அடங்கியிருக்கும் நிலைக்குச் சிலர் போகிறார்கள். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், வியாதி வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் கடுமையாக உணவைக் குறைத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை தேவைப்படவில்லை. 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் அது 86 விழுக்காடு. இன்சுலின் போடுபவர்கள் அந்த ஆய்வில் இல்லை. தொப்பையோடு புதிதாக வியாதி தெரிந்தவர்கள் டாக்டரிடம் இதைப் பேசிப் பார்க்க வேண்டும். அடங்கிய பிறகும் ஆண்டுதோறும் சோதனை உண்டு, எடை திரும்பினால் சீனியும் திரும்பும்.

கேள்வி: சோதனைக்கு எவ்வளவு செலவாகும்? எத்தனை வயதிலிருந்து?

30 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை. குடும்பத்தில் இருந்தால், எடை கூடுதலாக இருந்தால், அல்லது கர்ப்ப காலத்தில் சீனி ஏறியிருந்தால் இன்னும் முன்பே. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக்கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அரசாங்க உதவித்தொகை பெறுபவர்களும் அவர்களின் துணைவரும், 40 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் பதிவுபெற்ற தனியார் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கலாம். ஏற்கெனவே வியாதி உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் படம், சிறுநீரில் புரதம், கிட்னி இரத்தச் சோதனை, பாதச் சோதனை நான்கையும் கேட்டு வாங்குங்கள். போகும்போது மாத்திரைகளை உறையோடு எடுத்துப் போங்கள், மிச்சம் கிடக்கும் மாத்திரைகளையும் மறைக்காமல் காட்டுங்கள். சாப்பிடாத மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொன்னால், சீனி இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்.